பதினொரு மணிக்கு நீ சொன்னது

மன்னித்துவிடு. நீ அனுப்பிய பத்துச் செய்திகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனை மூடி வைக்கிறவள் நான். "டைப் பண்ணா வெரலு தேஞ்சிடுமாடி ஒனுக்கு?" என்று மறுநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் கேட்பாய். அப்படிப்பட்டவள், நீ படிக்க முடியாத இடத்துக்குப் போன பிறகு, பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தொந்தரவாக இருந்தால் பாதியில் போய்விடு. நான் எழுதி முடித்துவிடுகிறேன்.

உன் பெயரை இதில் எழுதப்போவதில்லை. இந்த மாதிரி வழக்கில் பெண்ணின் பெயரை எங்கும் வெளியிடக் கூடாதாம். இறந்த பிறகும் அதே சட்டம்தானாம். தீர்ப்பில்கூட நீ பெயரில்லாமல்தான் இருக்கிறாய். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நான் இப்போது பொன்னேரியில் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு சின்ன லேபில் வேலை செய்கிறேன். ஊர் ஊராகப் போர்வெல் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவருவார்கள். உப்பு எவ்வளவு, இரும்பு எவ்வளவு என்று பார்த்து எழுதித் தர வேண்டும். இன்று காலை அங்கே கழிவறையில் புதிதாக எலுமிச்சை வாசனைப் பினாயிலை ஊற்றியிருந்தார்கள். கதவருகே போனதும் கால் நின்றுவிட்டது. அதே வாசனை. கும்மிடிப்பூண்டியில் நம் கம்பெனியின் பெண்கள் கழிவறையில் வாரம் முழுக்க அடித்துக்கொண்டிருந்த வாசனை. உள்ளே போக முடியவில்லை. அடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை இருந்தேன். அடக்கிக்கொண்டே இதை எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நீ வேலைக்கு வந்த முதல் மாதம் எனக்கு உன்னைக் கண்டால் பயம். பழவேற்காட்டிலிருந்து முதல் டவுன் பஸ் பிடித்துப் பொன்னேரிக்கு வந்து, கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் முன்னால் ஏறி, டிபன் பையைப் பக்கத்து சீட்டில் போட்டு வைத்திருப்பாய். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது, ஆள் வருது" என்பாய். அந்த ஆள் நான்தான் என்பது எனக்கே பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

"இன்னா டிகிரி, நாஷ்டா துன்ட்டியா?"

எங்கள் வீட்டில், எங்கள் தெருவில், ஏன், ஆரணிப் பக்கத்தில் எங்கள் சொந்தக்காரர்களில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதை ஊரில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. கண்பட்டுவிடும் என்பார்கள். நீ அதையே எனக்குப் பெயராக வைத்து முப்பது பேர் கேட்கக் கூப்பிட்டாய். ஒரு வயது பெரியவள் என்று உன்னை நான் அக்கா என்றபோது, "இன்னாத்துக்கு அக்கா? எனுக்கு இன்னா நரைச்சிக்கினா கீது?" என்று பின்னலை எடுத்து முன்னால் போட்டுக் காட்டினாய். அதற்குப் பிறகு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கூப்பிடாமலே இரண்டு வருஷம் பழகினேன்.

நீ மூன்றாவது மிஷினில் ஆபரேட்டர். கார் ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், மோல்டு என்கிற அச்சில் வார்க்கப்பட்டு, மிஷினிலிருந்து விழும். நீ ஓரத்தைச் சீவிப் பெட்டியில் போடுவாய். நான் தரம் பார்க்கிறவள். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு மிஷினிலும் ஐந்து பீஸ் எடுத்து, வெர்னியர் வைத்து அளந்து, ஷீட்டில் அந்த மணிக்கான கட்டத்தில் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் வாரம் அப்படித்தான் செய்தேன். எட்டு மிஷினையும் சுற்றி வருவதற்குள் அடுத்த மணி வந்துவிடும். தரப் பிரிவின் இன்சார்ஜ், தலை நரைத்த சாது மனுஷர், ஒருநாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "காலைலயே எல்லாக் கட்டத்தையும் போட்டுடும்மா. கடைசி நம்பரை மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்து. சந்தேகம் வந்தா மட்டும் போய் அளந்துக்க. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." உண்மையிலேயே எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஒரே மாதிரித் தெரியக் கூடாது என்று இரண்டு பேனா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி எழுதினேன். ஷீட்டின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலும் காலையிலேயே 'ஏதுமில்லை' என்று எழுதிவிடுவேன்.

அதை நீ பார்த்துவிட்டாய். "ஐயே, கிளி ஜோசியக்காரி தோத்தா போ! பதினோரு மணிக்கு நடக்கறத எட்டு மணிக்கே எழுதிக்கினு கீறா பாரு!" என்று பக்கத்து மிஷின் பெண்களிடம் சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமையும் எட்டு மணிக்கே ஷீட்டை நிரப்பிவிட்டேன்.

பத்தரை மணிக்கு மேல் நீ காலிப் பெட்டி வாங்க ஸ்டோருக்குப் போனாய். ஸ்டோரில் பெட்டி கொடுக்கும் நோட்டில் பத்து நாற்பது என்று நேரம் போட்டு நீ வைத்த கையெழுத்து இருக்கிறது. பெட்டியில்லாமல் திரும்பி வந்தாய். கண்ணாடிக்குப் பின்னால் நடக்கிறவள் மாதிரி, மிஷின்களுக்கு நடுவே யாரையும் பார்க்காமல் என் மேசைக்கு வந்து, என் சட்டைக் கையைப் பிடித்தாய். உன் நீலக் கோட்டில் இரண்டாவது பொத்தான் இருந்த இடத்தில் நூல் மட்டும் தொங்கியது. ஏழாவது மிஷினுக்குப் பின்னால் இருக்கும் கழிவறைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே, சுவரில் சாய்ந்துகொண்டு, சொன்னாய்.

நீ சொன்னது ஆறு வாக்கியம். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஸ்டோர்காரன் கதவ சாத்திட்டான்டி. உட்டுடுன்னு கெஞ்சினேன், உடல. கத்தினேன், மிசின் சத்தத்துல எனுக்கே கேக்கல. என்னிய நாசம் பண்ட்டான். இப்பதான்டி, இப்பதான். கை நிக்க மாட்டுது பாரு."

உன் கை நிற்கவில்லை. நான் அதைப் பிடிக்கவில்லை. என் கையில் ஷீட் வைத்த அட்டை இருந்தது. அதை ஈரத்தில் எங்கே வைப்பது என்றுதான் அந்த நேரத்தில் யோசித்தேன். பிறகு குழாயைத் திறந்து, "முகம் கழுவு" என்றேன். நீ கழுவினாய். இன்சார்ஜிடம் சொல்லலாமா என்று நான் கேட்டபோது, "வேணாம், நைனாவுக்குத் தெரிஞ்சா செத்துடும்" என்று மட்டும் சொல்லிவிட்டு லைனுக்குப் போனாய். நான் மேசைக்குத் திரும்பினேன். ஷீட்டில் எழுத எந்தக் கட்டமும் காலியாக இல்லை. குறிப்பு: ஏதுமில்லை.

மூன்று நாள் கழித்து உன் அம்மாவிடம் நீயே சொன்னாய். நான்காம் நாள் உன் நைனா உன்னை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். நீ புகார் எழுதிக் கொடுத்தாய். மாஜிஸ்திரேட் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாய். என்னையும் போலீஸில் கேட்டார்கள். பதினொரு மணி வாக்கில் என்னிடம் சொன்னாள் என்றேன். ஷீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த மழைக்காலம். ஒன்பது நாள் காய்ச்சல். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டன என்றார்கள். உன்னைக் கடைசியாகப் பார்க்கப் பழவேற்காட்டுக்கு வந்தபோது, உங்கள் வீட்டு வாசலில் வலை காயப்போட்டிருந்தது. அதைத் தாண்டி உள்ளே வர எனக்கு வெகுநேரம் ஆனது.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது நீ போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. திருவள்ளூரில் அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஒரு அம்மா. கோர்ட் வளாகத்தில் ஒரு மரத்தடி டீக்கடையில் என்னை உட்கார வைத்து, எனக்குப் புரியும்படி விளக்கினார்.

"நீ எதையும் பாக்கல. அவ சொன்னதைக் கேட்ட. அவ்ளோதான். இதுக்குப் பேரு செவிவழிச் சாட்சியம். பொதுவா கோர்ட் இதை எடுத்துக்காது. ஏன்னா, சொன்ன ஆளு கூண்டுல ஏறி நிக்கணும், எதிர்த்தரப்பு கேள்வி கேக்கணும். அதான் முறை."

"அவ போலீஸ்ல எழுதிக் குடுத்தாளே மேடம்? மாஜிஸ்திரேட்கிட்ட சொன்னாளே?"

"அதையெல்லாம் சொன்னவளைக் குறுக்கு விசாரணை பண்ண முடியாதும்மா இப்ப. அந்தப் பேப்பரை மட்டும் வச்சு ஒண்ணும் பண்ண முடியாது." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அவ இந்தக் கொடுமையினாலயே செத்திருந்தா, சாகறதுக்கு முன்னாடி சொன்னது செல்லும். அவ காய்ச்சல்ல செத்தா."

நீ வேறு விதமாகச் செத்திருந்தால் உன் பேச்சு செல்லும். நீ பிழைக்கத்தான் பார்த்தாய். மறுபடி வேலைக்கு வந்தாய், வேறு ஷிப்ட் கேட்டு வாங்கினாய். சாதாரணக் காய்ச்சல் உன்னையும் கொண்டுபோய், நீ சொன்னதையும் கூடவே கொண்டுபோகப் பார்த்தது.

"ஒரே ஒரு வழி இருக்கு," என்றார் அந்த அம்மா. "நடந்த சூட்டோட, யோசிக்கவோ ஜோடிக்கவோ நேரமே இல்லாத நேரத்துல, பதட்டத்துல ஒருத்தர் சொன்னா, அது வெறும் பேச்சு இல்ல. அதுவும் அந்தச் சம்பவத்தோட ஒரு பகுதின்னு சட்டம் எடுத்துக்கும். அவ உங்கிட்ட சொன்னது அஞ்சு நிமிஷத்துலயா, ரெண்டு மணி நேரம் கழிச்சா? கேஸே அதுலதான் நிக்குது. இன்னொண்ணு. அவ சொன்ன வார்த்தையிலயே சொல்லு. நீ படிச்ச புள்ள. அழகா மாத்திடாத."

அன்றிலிருந்து ஆரம்பித்தேன். தினமும் காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உன் ஆறு வாக்கியத்தையும் உன் குரலிலேயே ஒரு தடவை சொல்லிக்கொள்வேன். எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினாய், எதில் குரல் உடைந்தது, எல்லாம் சேர்த்து. வாய் அசைவதைப் பார்த்து, ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்து சீட்டுப் பெண் நினைத்துக்கொண்டாள். "எந்த சாமிக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டாள்.

சாட்சி சொல்வதற்கு ஒரு வாரம் முன்பு இன்சார்ஜ் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைத் திறந்தே வைத்தார். அதுவரைக்கும் நல்ல மனுஷர்தான்.

"அன்னிக்கு ஷீட்டை ஆபீஸ்ல எடுத்து ஸ்டோர்காரனோட வக்கீலுக்குக் குடுத்திருக்காங்கம்மா. பதினோரு மணிக்கு ஏழாவது மிஷின்ல நீ அளந்ததா கையெழுத்து இருக்கு. அது பொய்னு நீ சொன்னா, வருஷக்கணக்கா கஸ்டமருக்குப் போன ஷீட் எல்லாமே பொய்னு ஆயிடும். எல்லார் வேலையும் போவும். நான் உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. டைம் சரியா ஞாபகம் இல்லன்னு சொல்லு. ஞாபகம் இல்லைங்கறது பொய்யா?"

உனக்குத் தெரியும், நான் ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் கெட்டிக்காரி. அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். என் சம்பளத்தில்தான் தம்பி படித்துக்கொண்டிருந்தான். ஞாபகம் இல்லை என்பது எவ்வளவு சின்னச் சொல்! யாருக்கும் வலிக்காது. நீயும் இல்லை, வலிக்க. இதை நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கோர்ட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். இந்த வழக்குகளை அப்படித்தான் விசாரிப்பார்களாம். உன் நைனா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஜட்ஜ் அம்மா, டைப் அடிக்கிறவர், இரண்டு தரப்பு வழக்கறிஞர்கள், அவன். அவன் பக்கம் நான் திரும்பவில்லை. செருப்பு மட்டும் தெரிந்தது. புதுச் செருப்பு.

உன் வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். "சத்தமா சொல்லும்மா," என்றார் ஜட்ஜ். மறுபடி சொன்னேன். என் வாயில் உன் பேச்சு, 'உடல', 'எனுக்கே', 'பண்ட்டான்'. டைப் அடிக்கிறவர் ஒரு முறை நிமிர்ந்து, "விடவில்லைன்னு போட்டுக்கவா?" என்று கேட்டார். "அவங்க சொன்னபடியே போடுங்க," என்றார் ஜட்ஜ்.

பிறகு அவன் தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். மரியாதையான மனுஷர். ஒரு முறைகூடக் குரலை உயர்த்தவில்லை.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமா சார்."

"பதினோரு மணிக் கட்டத்தைப் படிங்க."

ஐந்து அளவுகளைப் படித்தேன்.

"அப்போ பதினோரு மணிக்கு நீங்க மிஷின்கிட்ட நின்னு அளந்துக்கிட்டு இருந்தீங்க. கழிவறையில இல்ல. அவங்க உங்ககிட்ட பேசியிருந்தா, அது சாப்பாட்டு நேரத்துல, இல்ல ஷிப்ட் முடிஞ்சு. யோசிச்சு, பேசி வச்சுக்கிட்டு. சரியா? நேரம் சரியா ஞாபகம் இல்லன்னா, இல்லன்னு சொல்லலாம். தப்பில்ல."

அதே சொல். இன்சார்ஜ் அறையிலிருந்து அது எனக்கு முன்னால் இங்கே வந்து காத்திருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வீட்டுக்குப் போகலாம். அப்போது மனதுக்குள் நீ, தினமும் காலையில் சொல்கிற மாதிரியே சொன்னாய்: இப்பதான்டி, இப்பதான். உன் ஐந்தாவது வாக்கியம். அது ஒன்றுதான் நேரத்தைச் சொல்லும் வாக்கியம். ஞாபகம் இல்லை என்று நான் சொன்னால் மற்ற ஐந்தும் நிற்கும், அது மட்டும் பொய்யாகிவிடும்.

"அது பொய் சார்," என்றேன்.

"எது பொய்?"

"ஷீட். எட்டு மணிக்கே எல்லாத்தையும் எழுதிட்டேன். தினமும் அப்படித்தான்."

"பொய்யா எழுதறது உங்களுக்குப் பழக்கம்?"

"ஷீட்ல பழக்கம் சார்."

அவர் லேசாகச் சிரித்தார். "எழுதும்போது பொய், சொல்லும்போது மட்டும் உண்மை. இதைக் கோர்ட் நம்பணும். சரி, நீங்க கழிவறையில இருந்தீங்கன்னே வச்சுக்குவோம். பதினோரு மணிக்கு இந்த அஞ்சு பீஸை எடுத்து அளந்தது யாரு?"

"யாரும் அளக்கல சார். பதினோரு மணிக்கு ஏழாவது மிஷின்ல பீஸே விழல. மோல்டு மாத்திக்கினு இருந்தாங்க. மிஷின் நின்னுகினு இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் எனக்கே முழுதாக விளங்கியது. அதனால்தான் நீ மெதுவாகப் பேசியும் எனக்குக் கேட்டது. கழிவறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இரைந்துகொண்டே இருக்கும் அந்த ஒரு மிஷின் அன்று நின்றிருந்தது. ஓடாத மிஷினில் ஐந்து பீஸ் அளந்ததாக, இரண்டு பேனாவில், அழகாக எழுதியிருந்தேன்.

ஜட்ஜ் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இதை ஏம்மா போலீஸ்ல சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

மிஷின் நின்ற நேரத்தைக் குறிக்கும் நோட்டு ஒன்று பராமரிப்புப் பிரிவில் இருந்தது. அதை மோல்டு மாற்றுகிறவர்கள் கையோடு எழுதுவார்கள், ஏனென்றால் மிஷின் நின்றால் அவர்களைத்தான் திட்டுவார்கள். அந்த நோட்டை அடுத்த வாய்தாவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். பத்து இருபதுக்கு நின்ற மிஷின் பதினொன்று நாற்பதுக்குத்தான் ஓடியிருக்கிறது.

வெளியே வந்தபோது உன் நைனா எழுந்து நின்றார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சொல்லிட்டியாம்மா?"

"சொல்லிட்டேன் நைனா."

"இன்னா சொல்லிச்சு எம்பொண்ணு?"

நான் தரையைப் பார்த்தேன். அவரே, "வேணாம் வுடு," என்றார். பிறகு, "சத்தமா சொல்லிச்சா, மெதுவாவா? அத மட்டும் சொல்லு," என்றார்.

"மெதுவாதான் நைனா."

"ஊட்ல அது மெதுவா பேசனதே இல்லம்மா," என்றார். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் என்னோடு நடந்து வந்தார்.

கம்பெனியில் என்னை அந்த மாதமே நிறுத்திவிட்டார்கள். பொய்யாக ஆவணம் எழுதியதற்கு. அது சரியான காரணம்தான். என்னால் அதை மறுக்க முடியவில்லை. மற்றவர்களின் வேலை போகவில்லை. புது ஷீட் அடித்தார்களாம், அதில் கட்டங்கள் இன்னும் அதிகமாம். லேபில் என்னை ஆமை என்கிறார்கள். எண்ணைப் பார்த்து, மறுபடி பார்த்து, பிறகுதான் எழுதுகிறேன்.

போன வாரம் தீர்ப்பு வந்தது. அரசுத் தரப்பு அம்மா போனில் படித்துக் காட்டினார். நடந்த சில நிமிடங்களுக்குள், நடுக்கம் அடங்கும் முன்பே சொன்ன சொற்கள், கற்பனை செய்ய அவகாசமில்லாதவை, அவை அந்தச் சம்பவத்திலிருந்து பிரிக்க முடியாதவை என்று எழுதியிருந்தார்களாம். ஸ்டோர் நோட்டும், நின்றுபோன மிஷினும், ஸ்டோரில் கிடைத்த உன் கோட்டுப் பொத்தானும் கூடவே நின்றன. அவன் குற்றவாளி. "மேல்முறையீடு போவாங்க," என்றார் அந்த அம்மா. "நீ வர வேணாம். இனிமே பேப்பர் பேசும். நீ ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல. மறந்துடலாம்."

மறுநாள் உன் நைனாவிடம் சொல்லப் பழவேற்காட்டுக்குப் போனேன். அவர் படகிலிருந்து இறங்கி வந்து, கேட்டுவிட்டு, தலையாட்டினார். உன் அம்மா எனக்குக் காபி போட்டுக் கொடுத்தார். கிளம்பும்போது உன் நைனா என்னை நிறுத்தினார்.

"கோர்ட்ல சொன்னது வேணாம்மா. வேலையில சிரிச்சிக்கினு எதுனா பேசும் இல்ல, அது? அதுல ஒண்ணு சொல்லு. அது மாதிரியே சொல்லு. நீதான் அது பேச்ச அப்படியே சொல்லுவியாமே, வக்கீலம்மா சொன்னாங்கோ."

வாயைத் திறந்தேன். உன் குரலில் எனக்கு வந்தது அந்த ஆறு வாக்கியம் மட்டும்தான்.

இந்தக் கடிதத்தில் நீ பேசியதாக எவ்வளவோ எழுதியிருக்கிறேன். எல்லாம் உண்மை. நீ இப்படிச் சொன்னாய், அப்படிச் சிரித்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது மட்டும்தான். கேட்கவில்லை. போனிலும் உன் குரல் இல்லை. குரல் பதிந்து அனுப்பு என்றால், "எங்குரல் எனுக்கே காக்கா மாரி கேக்குது, போடி" என்று டைப் செய்து அனுப்பியவள் நீ. ஒரு வருஷத்துக்கும் மேல் தினமும் ஆறு வாக்கியத்தைப் பத்திரமாகத் துடைத்துத் துடைத்து வைத்தேன். மற்றவை தூசியோடு போய்விட்டன என்று நினைக்கிறேன். அன்று உன் நைனாவிடம், "அப்புறம் வரேன் நைனா," என்று சொல்லிவிட்டு, டவுன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

இப்போதும் காலையில் கண்ணை மூடினால் நீ வருகிறாய். நான் கூப்பிடுவதில்லை, நீயே வருகிறாய். சுவரில் சாய்ந்துகொண்டு, இப்பதான்டி, இப்பதான் என்கிறாய். சட்டத்துக்கு அந்த 'இப்ப' வேண்டியிருந்தது, அது ஆறாமல் நான் பார்த்துக்கொண்டேன். வழக்கு முடிந்துவிட்டது. உனக்கு மட்டும் அது இன்னும் நடந்த ஐந்தாவது நிமிஷமாகவே இருக்கிறது. உன்னை அங்கே நிறுத்தி வைத்தவள் நான்.

கேட்க வேண்டியதை இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்தேன். நீ இருந்தபோதும் நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை. இது ஒன்றுதான்.

நாளைக்கு வரும்போது வேறு ஏதாவது சொல். எதுவாக இருந்தாலும் சரி. என்னைத் திட்டு. மழை வருகிறது என்று சொல். குழம்பில் உப்பு அதிகம் என்று சொல். ஒரே ஒரு வாக்கியம் போதும். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போகிறேன். ஒரு சொல்கூட மாறாமல் உன் நைனாவிடம் சேர்த்துவிடுகிறேன்.